எட்டாயிரத்துக்கு வராதது

எங்கள் வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு நாய்கள் வளர்ந்தன. ஒன்றின் விலை எட்டாயிரம் ரூபாய். இன்னொன்று சும்மா வந்தது. சும்மா வந்ததுதான் முதலில் வந்தது என்பதால் அதற்குரிய மரியாதையைக் கொடுத்து அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் அப்போது நான்காம் வகுப்பு. பாப்பாரப்பட்டிக்குக் கொஞ்சம் வெளியே, தோட்டத்துக்குள் எங்கள் வீடு. அப்பாவுக்கு ஊருக்குள் மோட்டார் காயில் கட்டும் கடை. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணற்று மோட்டார் புகைந்தாலும் அது அப்பாவின் கைக்குத்தான் வரும். அம்மா வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் பட்டுப்புழு வளர்த்தாள். ஒரு ஏக்கரில் மல்பெரி. அதன் தழையை வெட்டி வந்து போட்டால் புழு தின்னும், தூங்கும், தோலுரிக்கும், மறுபடி தின்னும், கடைசியில் பழுத்துக் கூடு கட்டும். கூட்டைத் தர்மபுரி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனால் பணம். சொல்வதற்கு இவ்வளவுதான். செய்வதற்கு அம்மாவைப் போல ஒருத்தி வேண்டும்.

ஷெட்டுக்குள் அம்மாதான் சட்டம். வாசலில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் காலை நனைக்காமல் யாரும் உள்ளே போக முடியாது. கொசுவத்தி வீட்டிலேயே கூடாது. முகத்துக்குப் பவுடர் பூசியிருந்தால் வாசலோடு சரி. பட்டுப்புழுவைப் போல ரோஷக்காரப் பிராணி உலகத்தில் கிடையாது, வாசனை பிடிக்கவில்லையென்றால் செத்தே போய்விடும் என்பாள். ஆண்டு விழாவில் நடனமாடிவிட்டு ஒப்பனையோடு ஓடிவந்த என்னை ஒருமுறை தொட்டித் தண்ணீரில் அப்படியே முக்கி எடுத்தாள். பரிசு வாங்கினேனா என்று அதற்குப் பிறகுதான் கேட்டாள்.

பள்ளியில் என் பக்கத்தில் உட்காருகிறவளின் வீட்டில் ஒரு வெள்ளைச் சடை நாய் இருந்தது. அது சோபாவில் படுக்கும், பிஸ்கட்டைக் காற்றிலேயே கவ்வும் என்று தினமும் ஒரு அத்தியாயம் சொல்வாள். நானும் வீட்டுக்கு வந்து தினமும் அழுவேன். அந்த மழைக்காலத்தில், ரோட்டோரம் குட்டி போட்டிருந்த ஒரு தெரு நாயின் மேல் தக்காளி வண்டி ஏறிவிட்டது. குட்டிகளில் மிஞ்சியது ஒன்று. அதை அம்மா தழைக் கூடைக்குள் போட்டு எடுத்துவந்து என் முன்னால் இறக்கினாள். "நாயி நாயின்னியே, இந்தா நாயி" என்றாள். சேற்று நிறத்தில், வாய் மட்டும் கறுத்து, வயிறு ஊதி நின்றது. நான் அதற்கு முன்பு அழுததெல்லாம் ஒத்திகை என்பதுபோல அன்றைக்கு அழுதேன். எனக்கு வேண்டியது நாய். இது தெருவில் இருப்பது.

"அதுக்கென்னாடி கொறச்சல்? நாலு காலு, ஒரு வாலு, எல்லாந்தான் இருக்குது" என்றாள் அம்மா. அது குளித்துக் காய்ந்தபோது செம்மண் நிறமாகத் தெரிந்ததால் செவலை என்று கூப்பிட்டாள். நான் கூப்பிடவில்லை.

எங்கள் பக்கத்தில் நாய்க்கு ஜாதி உண்டு. நல்ல விலைக்கு வாங்கினால் அது ஜாதி நாய், இல்லாவிட்டால் வெறும் நாய். மனிதர்களிடம் நேரடியாகக் கேட்கக் கூச்சப்பட்டு, எந்தத் தெரு, யார் மகன் என்று சுற்றி வளைத்து விசாரிப்பவர்கள், நாயைப் பார்த்தால் மட்டும் எடுத்த எடுப்பில் "என்ன ஜாதிங்க?" என்பார்கள். செவலையைப் பார்த்து யாரும் அதைக்கூடக் கேட்டதில்லை.

ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்த மாமா, அம்மாவின் தம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தபோது என் அழுகையைக் கேட்டார். மாமாவுக்கு எல்லாவற்றுக்கும் ஓர் ஆள் தெரியும். லேப்ரடார் குட்டி விற்கிற ஆளையும் தெரிந்திருந்தது. வெளியில் பதினைந்தாயிரம், நமக்காக எட்டாயிரம் என்று சொல்லி, போனில் படம் காட்டினார். சந்தன நிறத்தில், காது தொங்க, சோப்பு விளம்பரத்துக் குழந்தையைப் போல ஒன்று உட்கார்ந்திருந்தது. நான் பார்த்தேன். என்னைவிட நெடுநேரம் அப்பா பார்த்தார். நல்ல பொருளைக் கண்டால் அப்பாவுக்கு மனம் நிலைகொள்ளாது. அவர் கடையில் இருந்த காயில் சுற்றும் கருவிகூட கோயம்புத்தூரில் சொல்லிச் செய்தது.

குட்டி வந்தது. அப்பா அதற்குச் சீசர் என்று பெயர் வைத்தார். அம்மாவின் வாயில் அது சீசா என்றுதான் வந்தது. தடுப்பூசி, குடற்புழு மருந்து, சத்து மாத்திரை, தர்மபுரியில் மட்டும் கிடைக்கிற தீவன மூட்டை, வெயிலுக்கு அதன் முன்னால் தனியாக ஒரு டேபிள் ஃபேன் என்று பின்னாலேயே ஒரு ஊர்வலமும் வந்தது. "சுண்டைக்கா கால் பணம், சொமகூலி முக்கால் பணம்" என்று அம்மா முணுமுணுப்பாள். செவலைக்கு ஒரு செலவும் இல்லை. காலையில் மிஞ்சிய களி உருண்டையை மோரில் கரைத்து ஊற்றினால் குடித்துவிட்டு ஷெட்டு வாசலில் போய்ப் படுத்துக்கொள்ளும். கூடு கட்டும் நாட்களில் எலிகளுக்குத் திருவிழா. செவலை வந்தபிறகு எலிகள் எங்கள் ஷெட்டை மறந்துவிட்டன. அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

சீசருக்குத் தன் விலை தெரியாது என்பதுதான் வேடிக்கை. தீவனத்தை மோந்துவிட்டு, செவலையின் தட்டில் போய்க் களியைத் திருடும். செவலை உறுமும், பிறகு நகர்ந்து இடம் கொடுக்கும். இரண்டும் ஒரே கோணிப்பையில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்கின. ஜாதி கெட்டுப்போகும் என்று நான்தான் பிரித்து வைத்தேன். அம்மாவிடம் சீசர் எத்தனை முறை வாலாட்டிக்கொண்டு போனாலும், "போ அந்தாண்ட, எட்டாயிரம்" என்று காலால் தள்ளுவாள். எனக்குக் கோபம் வரும். அம்மாவுக்கு நல்லதை ரசிக்கத் தெரியாது என்று முடிவு கட்டியிருந்தேன்.

சீசருக்கு ஐந்தாறு மாதம் ஆனபோது ஆட்டுப்பட்டிப் பக்கம் போய்வந்து உண்ணி பிடித்துக்கொண்டது. காதுக்குள், விரல் இடுக்கில், எங்கே பார்த்தாலும் மொச்சைக் கொட்டை போல. கடையிலிருந்து வரும்போது அப்பா கால்நடை மருந்துக் கடையில் ஒரு பவுடர் டப்பா வாங்கிவந்தார். வாசல் வேப்ப மரத்தடியில் சீசரைப் படுக்கவைத்து, ரோமத்தை விலக்கி விலக்கி, காயில் கட்டுகிற அதே பொறுமையோடு தேய்த்தார். மூக்கைச் சுருக்கவைக்கிற ஒரு நெடி. சீசர் உதறிக்கொண்டது. அப்பாவின் மேலெல்லாம் வெள்ளை. எங்களுக்குச் சிரிப்பு வந்தது.

புழு அப்போது கடைசிப் பருவத்தில் இருந்தது. அந்த வாரம் முழுக்கத் தின்றுகொண்டே இருக்கும். ஷெட்டுக்குள் நின்று காதைக் கொடுத்தால் மழை பெய்கிற மாதிரி சத்தம் கேட்கும். அம்மா ஒரு ஆளாகச் சமாளிக்க முடியாது. நடுவில் பாதை விட்டு இரண்டு பக்கமும் புழுத் தட்டுகளின் தாங்கிகள். இடது பக்கத்துக்கு அம்மா தழை போடுவாள், வலது பக்கம் அப்பாவினுடையது. அன்றைக்குத் தழை வண்டி வந்துவிட்டது, அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டாள். அப்பா எழுந்துபோய்த் தொட்டியில் கை கழுவினார். காலை நனைத்துக்கொண்டார். உள்ளே போனார். லுங்கியை மாற்றவில்லை.

மறுநாள் காலையில் அம்மா கத்தவில்லை, அழவில்லை. ஷெட்டு வாசலில் சும்மா நின்றாள். நான் அவளுடைய கைக்குக் கீழாக எட்டிப் பார்த்தேன். வலது பக்கத் தாங்கியில் புழுக்கள் தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தன. பச்சையாகக் கக்கியிருந்தன. பாதி சுருங்கிக் கீழே விழுந்து கிடந்தது. இடது பக்கம் எப்போதும்போல மழைச் சத்தம். அந்த அறுவடைப் பணத்தில்தான் போர்வெல்லை இன்னும் ஆழமாக இறக்குவதாக இருந்தார்கள். வெயில் காலத்தில் மல்பெரி காய்ந்தால் அடுத்த புழுவே கிடையாது. அம்மா ஒரு தழைக் குச்சியை எடுத்து மோந்து பார்த்தாள். பிறகு வீட்டுக்குள் வந்து, ஆணியில் தொங்கிய அப்பாவின் லுங்கியை எடுத்தாள். அதையும் மோந்தாள். நேராகக் கொண்டுபோய் சோப்புத் தண்ணீரில் அமுக்கினாள். கோபம் வந்தால் துணி துவைப்பது அம்மாவின் வழக்கம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் சொன்னாள். "தழையில மருந்து பட்டுருக்குதுங்க. காத்துல எங்கிருந்தோ வந்துட்டுது." நானும் அப்படியே பள்ளியில் போய்ச் சொன்னேன். அப்பா குழி வெட்டி, செத்த புழுக்களைச் சுண்ணாம்பு போட்டு மூடினார். பவுடர் டப்பா அதற்குப் பிறகு என் கண்ணில் படவில்லை.

பக்கத்துத் தோட்டத்திலிருந்த அத்தை, அப்பாவின் அக்கா, வந்து பார்த்துவிட்டுத் தன் தீர்ப்பைச் சொன்னார். "எல்லாம் அந்த வெள்ளக்கார நாயி வந்த நேரம்டா. வூட்டுக்கு ஆவாதது வந்து படுத்துருக்குது." இத்தனை மாதம் அந்த நாயைக் கொஞ்சாமல் அத்தை எங்கள் வாசலைத் தாண்டியதில்லை. ஆனால் கெட்ட நேரம் என்று ஒன்று வந்துவிட்டால் அது யார் மேலாவது உட்கார்ந்துதானே ஆகவேண்டும். செவலை மேல் உட்காரவில்லை. அதற்கும் கொஞ்சம் விலை வேண்டும் போலிருக்கிறது.

அப்பா அத்தையை மறுத்துப் பேசவில்லை. அந்த நாட்களில் அவர் சீசரைத் தொடவும் இல்லை. அது ஓடிவந்து காலில் விழுந்து புரளும், அவர் அதைத் தாண்டிப் போவார். சனிக்கிழமை, ஒகேனக்கல் போகலாமா என்று என்னைக் கேட்டார். கரும்பு தின்னக் கூலியா? மொபெட்டின் முன்னால் சீசரை நிறுத்தி, என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம் சீசரின் காது காற்றில் பறந்து அப்பாவின் முகத்தில் அடித்தது.

அங்கே அப்பாவின் நண்பர் ஒருவர் மீன் வறுவல் கடை வைத்திருந்தார். அவருடைய மோட்டாரை அப்பாதான் கட்டிக்கொடுப்பார். எனக்கு இரண்டு துண்டு மீன் கிடைத்தது. பரிசலில் ஒரு சுற்று கிடைத்தது. பரிசல்காரர் நடு ஆற்றில் அதைப் பம்பரம்போலச் சுற்றினார், நான் கத்தினேன், அப்பா சிரித்தார். கரைக்கு வந்தபோது சீசர் கடைக்காரரின் மீன் பெட்டிக்குப் பக்கத்தில் கட்டப்பட்டிருந்தது. "கொஞ்ச நாளைக்கு இங்க இருக்கட்டும் கண்ணு. மீனெல்லாம் தின்னு நல்லா இருப்பான்" என்றார் அப்பா. மொபெட் கிளம்பியபோது அது கயிற்றின் நீளம்வரை ஓடிவந்து நின்றது. திரும்பும் வழி முழுக்க அப்பாவின் சட்டையில் மூக்கை வைத்து அழுதேன். அவர் ஒருமுறைகூட அழாதே என்று சொல்லவில்லை.

அம்மா ஷெட்டிலிருந்து வந்து, "சீசா எங்க?" என்றாள். அப்பா சொன்னார். அம்மா களி கிளறிப் போட்டாள். சாப்பிட்டோம். அவ்வளவுதான்.

மறுநாள் இடது பக்கப் புழு பழுத்தது. புழு பழுக்கிற நாளில் அம்மா மாமாவின் கல்யாணத்துக்கே தாலி கட்டும் நேரத்துக்குத்தான் போனவள். பழுத்ததை உடனுக்குடன் பொறுக்கி, கூடு கட்டுகிற வலையில் விட வேண்டும். நேரம் தப்பினால் கண்ட இடத்தில் நூலை விட்டு வீணாகும். அப்படிப்பட்ட நாளில் அவள் காலையிலேயே நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். கொடியிலிருந்து துவைத்த லுங்கியை உருவி அப்பாவிடம் நீட்டினாள்.

"தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு, இத கட்டிக்கிட்டு ஷெட்டுக்குள்ள போங்க. நான் மத்தியானத்துக்குள்ள வந்துருவேன்."

அப்பா லுங்கியை வாங்கிக்கொண்டு, அதைப் பார்த்தபடி அப்படியே நின்றார். ஒரு லுங்கியில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. பெரிய மனிதரைக் குழந்தையைப்போலக் குளிக்கச் சொல்கிறாளே என்று அப்பாவுக்காக வருத்தமாக இருந்தது. "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொட்டிப் பக்கம் போனார்.

நானும் அம்மாவும் பென்னாகரம் போய், அங்கிருந்து ஒகேனக்கல் பஸ்ஸைப் பிடித்தோம். எதற்குப் போகிறோம் என்று கேட்டேன். "எட்டாயிரம் போட்டு வாங்குனது. சும்மா குடுக்க நம்ப என்ன தர்மச் சத்திரமா நடத்தறோம்?" என்றாள். எனக்கு நியாயமாகப் பட்டது. விற்கப் போகிறாளோ என்று பயமாகவும் இருந்தது.

சீசர் எங்களைத் தூரத்திலேயே மோப்பம் பிடித்துவிட்டது. கட்டியிருந்த முளையைச் சுற்றிச் சுற்றி ஓடி, கயிறு குட்டையாகிக் கழுத்து இறுகி இருமியது. அம்மா நேராகப் போய்த் தரையில் குந்தி, அந்தக் கயிற்றைச் சுற்று சுற்றாக அவிழ்த்தாள். நல்ல சேலையெல்லாம் மீன் தண்ணீர். அது அவள் முகத்தை நக்கியது. தள்ளிவிடுவாள் என்று பார்த்தேன்.

அவள் தள்ளவில்லை.

கடைக்காரர் நல்ல மனிதர். கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது. ஒரே ராத்திரியில் அவருடைய பிள்ளைகள் அதன்மேல் உயிராகிவிட்டார்களாம்.

"வெல குடுத்து வாங்குனதுங்க அண்ணா. சும்மா வுட்டுட்டுப் போவ முடியலைங்க" என்றாள் அம்மா.

"அதுக்கென்ன தங்கச்சி, சும்மா வேணாம். எட்டாயிரம்னு அவரு சொன்னாரு. நானே குடுத்துடறேன்." அவர் கல்லாவைத் திறந்தார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். செத்துப்போன பாதி அறுவடை வீட்டில் குழியில் கிடந்தது. போர்வெல்காரர் வேறு வேலைக்குப் போய்விட்டார். கல்லாவில் அவர் விரல் நோட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தது. அம்மா சீசரின் கழுத்தில் கயிறு அறுத்த இடத்தைத் தடவினாள்.

"இல்லைங்க அண்ணா. இப்ப இது எட்டாயிரத்துக்கு வராதுங்க."

அவர் இன்னொரு ஆயிரம் சேர்த்துச் சொன்னார். அம்மா சிரித்தாள், கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள், வருகிறோம் என்று கும்பிட்டாள். நான் அம்மாவை நினைத்துப் பெருமைப்பட்டுப் போனேன். காய்கறிச் சந்தையில் பத்து ரூபாய்க்கு நாலு கடை ஏறி இறங்குகிறவள். வாங்கின விலைக்கே கொடுத்துவிடுவாளா என்ன? நன்றாக வளரவிட்டு, இன்னும் ஏற்றி விற்கப் போகிறாள் என்று கணக்குப் போட்டேன். அதுவரைக்கும் சீசர் எங்களோடு இருக்கும் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

பஸ்ஸில் கண்டக்டர் நாய்க்கு லக்கேஜ் போட்டார். அம்மா வாதாடாமல் கொடுத்த ஒரே காசு அதுதான். பத்து ரூபாய்க்கும் எட்டாயிரத்துக்கும் சம்பந்தமில்லாத ஒரு முகத்தோடு, மீன் நாற்றமடிக்கிற அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா ஷெட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். பழுத்த புழுவையெல்லாம் ஒன்றுவிடாமல் வலையில் விட்டிருந்தார். காலை முதல் எதுவும் சாப்பிடவில்லை. செவலை எழுந்துவந்து சீசரை முன்னும் பின்னும் மோந்துவிட்டு, கோணிப்பையில் தன் பாதி இடத்தை விட்டுப் படுத்தது. அப்பா சீசரின் தலையில் கையை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை. "தூசு கண்ணுல வுழுந்துருச்சு" என்று என்னிடம் சொன்னார். நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன்.

போர்வெல் அந்த வருடம் இறங்கவில்லை. வெயில் காலத்தில் புழு வைக்காமல் அம்மா தக்காளி பொறுக்கக் கூலிக்குப் போனாள். சீசரை அவள் விற்கவே இல்லை. நல்ல விலை அமையவில்லை போலும் என்று நான் பல வருடம் எண்ணியிருந்தேன். பதினொரு வயதுவரை வாழ்ந்து அது செவலைக்குப் பக்கத்திலேயே புதைக்கப்பட்டது.

இப்போது நான் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறேன். காப்பகத்திலிருந்து ஒரு நாயை எடுத்து வளர்க்கிறேன். மூன்று கால்தான், வாயைச் சுற்றிக் கறுப்பு. விலை இல்லை, ஒரு கையெழுத்துப் போட்டுக் கூட்டிவந்தேன். என்ன ஜாதி என்று அடுக்ககத்தில் கேட்டால் பாப்பாரப்பட்டி என்பேன். போன மாதம் அதற்கு உண்ணி வந்தது. மருத்துவர் எழுதிக்கொடுத்த பவுடரின் மூடியைத் திறந்தேன். மூக்கைச் சுருக்கவைக்கிற அந்த நெடி. வேப்ப மரத்தடி, அப்பாவின் லுங்கி, வலது பக்கத் தாங்கி, தலையை ஆட்டிய புழுக்கள். மூடியை மூடக்கூடத் தோன்றாமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருடம் கழித்து எனக்கு அப்பாவுக்காக அழுகை வந்தது.

அம்மாவுக்குப் போன் செய்து, அன்றைக்கே உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். பின்னால் அப்பா செய்தி பார்க்கிற சத்தம் கேட்டது.

"என்னாத்த? அது தழையில மருந்துடி" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நாயிக்குப் பவுடரு போட்டா கைய மட்டும் கழுவுனா பத்தாது. கட்டியிருக்கிற துணியையும் மாத்திக்கோ, என்ன?" என்றாள்.

அம்மா துவைத்து நீட்டிய அந்த லுங்கியில் இருந்ததை அப்பா அன்றைக்கே படித்துவிட்டார். எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. அம்மா எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக விலையை ஏற்றுகிறாள் என்று மெச்சிக்கொண்டே, பஸ் பென்னாகரம் வருவதற்குள் சீசரின் மேல் சாய்ந்து தூங்கிப்போயிருந்தேன்.